தகட்டுக்கு மேல் தகடு

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்ரீரங்கத்தில் இரண்டு வரிசைகள் நின்றன. ஒன்று பெருமாளைப் பார்க்க. இன்னொன்று, அம்மா மண்டபம் சாலைக்குப் பக்கத்துச் சந்தில் புவியடக்கி அடிகளைப் பார்க்க. இரண்டாவதுதான் நீளம். பெருமாள் படுத்த இடத்திலேயே இருக்கிறார். அடிகளோ ஓடுகிற பூமியையே பிடித்து நிறுத்திக் காட்டுகிறார். கூட்டம் எந்தப் பக்கம் சாயும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இந்த வரிசையில் நின்றவர்களைப் பாமர மக்கள் என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. பாதிப் பேர் கையில் கார் சாவி இருந்தது. ஒரு பல் டாக்டர் நின்றார். இரண்டு வக்கீல்கள் நின்றார்கள். சுவரில் விரிசல் கண்டவர், கதவு சரியாகச் சாத்தாதவர், தரையில் டைல்ஸ் எழும்பியவர், மகனுக்கு விசா கிடைக்காதவர் என்று விதவிதமான குறைகள். அடிகள் கண்டுபிடித்த நோய் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். தகடு தோஷம்.

ஹாலில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். அதில் உலக வரைபடம் ஓடியது. காவி ஜிப்பாவும் காதில் மாட்டிய மைக்குமாக அடிகள் மேடை ஏறினார்.

"ஒரு காலத்துல கண்டம்னு தனித்தனியா எதுவும் கிடையாது. எல்லாம் ஒட்டிக்கிட்டு ஒரே நிலமா இருந்துச்சு. அப்புறம் உடைஞ்சது. பூமியோட மேலோடு ஒரே துண்டு இல்ல, பல தகடு. ஒவ்வொண்ணும் நகருது. நம்ம இந்தியத் தகடு தெக்கேருந்து கிளம்பி வந்து ஆசியாவுல முட்டுச்சு. முட்டின இடம் மடிஞ்சு எழுந்ததுதான் இமயமலை. இது சயின்ஸ். யாராவது இல்லைன்னு சொல்லுங்க பார்ப்போம்!"

யாரும் சொல்லவில்லை. ஏனென்றால் அதுவரை அவர் சொன்னது அத்தனையும் உண்மை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் உள்ளது. அதற்கு அடுத்த வாக்கியத்தில்தான் பிழைப்பு இருந்தது.

"அந்தத் தகடு இப்ப உங்க கிச்சனுக்கு அடியில வந்து நிக்குது!"

ஹாலில் பெருமூச்சு எழுந்தது.

"பயப்படாதீங்க. கீழ தகடு நகருது. மேல ஒரு தகடு வெச்சா நிக்கும்."

அந்த மேல் தகடு செம்பால் ஆனது. கோடும் கட்டமும் கீறியது. வீட்டின் நான்கு மூலையிலும் புதைக்க வேண்டும். தமிழில் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்ததை முதலாக வைத்து ஒரு மனிதர் தொழில் தொடங்கிவிட்டார். அடிகளுக்கு மத வேறுபாடும் கிடையாது. சூலம் போட்ட தகடு, சிலுவை போட்ட தகடு, 786 போட்ட தகடு என்று எல்லாம் ஸ்டாக்கில் இருந்தன. இமயமலையை எழுப்பிய சக்தியை அடக்க உள்ளங்கை அகலச் செம்பு போதும் என்றால், இமயமலைக்காரர்கள் இத்தனை காலம் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

தோன்றாத அந்தக் கூட்டத்தின் முன்வரிசையில் தர்மராஜ் உட்கார்ந்திருந்தார்.

தர்மராஜ் வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர், படித்ததோடு சரி. தில்லை நகரில் வைகறை அப்பார்ட்மென்ட்ஸ் என்ற மூன்று மாடிக் கட்டடத்தில் வீடு. அங்கே குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். அந்தக் கட்டடத்தில்தான் இந்தக் கதையே நடந்தது.

வைகறைக்குப் பக்கத்து மனையை பில்டர் சோழராஜன் வாங்கியிருந்தார். வணிக வளாகம் கட்டப் போகிறார். கார் நிறுத்த பூமிக்கு அடியில் இரண்டு தளம். மண் அள்ளும் இயந்திரம் வந்தது. வைகறையின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிப் பள்ளம் இறங்கியது. பள்ளம் இறங்க இறங்க, தரைத்தளத்தில் கமர் ஜஹான் வீட்டு அடுப்படிச் சுவரில் ஒரு விரிசல் ஏறியது. முதலில் தலைமுடி போல இருந்தது. பிறகு அதில் ஐந்து ரூபாய் நாணயம் நுழைந்தது. பிறகு கமர் ஜஹானின் விரலே நுழைந்தது.

கமர் ஜஹானின் கணவர் அப்துல் ரஹீம் குவைத்தில் வேலை பார்க்கிறார். இங்கே கமர் ஜஹானும் பத்தாவது படிக்கும் மகள் இக்ராவும்தான். அவர் சங்கத்தில் முறையிட்டார். தர்மராஜ் அன்றே மாநகராட்சிக்கு ஒரு புகார் எழுதிக் கொடுத்தார். அந்த அளவுக்கு மனிதர் சரியாகத்தான் இருந்தார்.

புகார் போன மறுவாரமே பில்டர் பழக்கூடையோடு வைகறைக்கு வந்தார்.

"சார், நான் தோண்டுறதால விரிசல் வருதுன்னு நீங்க நினைக்கிறது நியாயம்தான். ஆனா விஷயம் அதைவிடப் பெரிசு. ஸ்ரீரங்கத்துல ஒரு மகான் இருக்காரு. ஒரு தடவை வந்து பாருங்க. அப்புறம் என் மேல கேஸ் போடுறதா இருந்தாலும் போடுங்க."

தர்மராஜ் போனார். பார்த்தார். விழுந்தார்.

அவர் பார்த்தது இதுதான். ஹால் நடுவே பலகையால் அகலமான மேடை. மேலே கனத்த கம்பளம். நடுவில் ஒரு பெரிய வெண்கல உருளி, நிறையத் தண்ணீர், அதில் மிதக்கும் தாமரை. பக்தர்கள் கம்பளத்தின் மேல் உருளியைச் சுற்றி உட்கார வேண்டும். உடுக்கையும் பம்பையும் ஒலிக்கும். அடிகள் கண்ணை மூடி, "அசைவு காட்டு தாயே!" என்பார். உடனே உருளித் தண்ணீரில் வட்ட வட்டமாக அலை எழும். தாமரை நடுங்கும். உட்கார்ந்திருப்பவர்களின் உள்ளங்கால் வழியாக ஒரு அதிர்வு முதுகுவரை ஏறும். பெண்கள் வீறிடுவார்கள். ஆண்கள் வீறிட்டுவிட்டு இருமுவார்கள். அடிகள் செப்புத் தகட்டை உருளியின் விளிம்பில் வைப்பார். தண்ணீர் அப்படியே அடங்கிவிடும்.

இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? கண்ணால் கண்டாயிற்று. காலால் உணர்ந்தாயிற்று. மூளையை எதற்காகத் தொந்தரவு செய்ய வேண்டும்?

அடிகள் வைகறைக்கு மூன்று கட்டளைகள் தந்தார். நான்கு மூலையிலும் தகடு புதைக்க வேண்டும். ஒரு மண்டலம் முடியும்வரை எந்த இன்ஜினியரும் வந்து சுவரைத் தட்டிப் பார்க்கக் கூடாது, தட்டினால் தகடு கோபித்துக்கொள்ளும். அரசாங்கத்திடம் கொடுத்த புகாரைத் திரும்பப் பெற வேண்டும், ஏனென்றால் பூமாதேவிமேல் யாரும் வழக்குப் போடக் கூடாது.

பூமாதேவிக்கும் பில்டருக்கும் ஒரே வக்கீல்போல. சங்கம் கூடியது, ஏற்றுக்கொண்டது. கமர் ஜஹான் மட்டும் எழுந்து, "என் சுவத்துல விரல் நுழையுது சார், புகாரை வாபஸ் வாங்காதீங்க" என்றார். தர்மராஜ் அவருக்கு இமயமலை எழுந்த கதையைச் சொல்லி உட்கார வைத்தார். புகார் திரும்பி வந்தது.

தர்மராஜின் மனைவி ஜோதி, புத்தூரில் ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தை நடத்துபவர். அடிகளை அவர் ஒரே ஒரு முறைதான் பார்த்தார். டூட்டி முடிந்து தாமதமாகப் போனதால் ஹாலுக்குள் இடமில்லை. வாசல் கல்படியில் நின்றுகொண்டார். உள்ளே தண்ணீர் ஆடியது, கூட்டம் அலறியது. ஜோதியின் காலுக்குக் கீழே கல் சும்மா கிடந்தது.

ஸ்கூட்டரில் காவிரிப் பாலம் தாண்டும்போது கேட்டார்.

"ஏங்க, உள்ள நெஜமாவே ஆடுச்சா?"

"உள்ளங்கால்லேருந்து மண்டைவரைக்கும் ஆடுச்சு ஜோதி. ஏன் கேக்கற?"

"வாசல்ல ஆடலையே."

"உனக்கு நம்பிக்கை இல்ல. அதான்."

"பூமி ஆடறதுக்கு என் நம்பிக்கை எதுக்குங்க? எனக்கு நம்பிக்கை இல்லைன்னா உங்களுக்கு சுகர் இல்லாம போயிடுமா?"

தர்மராஜ் வண்டியை வேகமாக விட்டார். விவாதத்தில் தோற்கிற ஆண்களுக்கு ஆக்சிலேட்டர் ஒரு வரம்.

ஜோதி சும்மா இருக்கவில்லை. அவரோடு பள்ளியில் படித்த பீமராவ் துவாக்குடியில் பொறியியல் மாணவர்களுக்கு மண்ணின் தன்மை பற்றிப் பாடம் நடத்துகிறவர். ஜோதி கூப்பிட்டதும் வந்தார். கமர் ஜஹான் வீட்டு விரிசலைத் தட்டிப் பார்த்தார். காம்பவுண்டுச் சுவர் ஓரமாக எட்டிப் பள்ளத்தைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஜோதி, இது விளையாட்டு இல்ல. பள்ளத்தோட பக்கத்துக்கு முட்டு எதுவும் குடுக்காம செங்குத்தா வெட்டியிருக்காங்க. இந்தக் கட்டடத்துக்கு அடியில இருக்கற மண்ணு அந்தப் பக்கம் சரியுது. ஒரு நல்ல மழை பெஞ்சா என்ன ஆகும்னு சொல்ல முடியாது."

சங்கத்தாரை அழைத்து அதையே சொன்னார். தர்மராஜ் சிரித்தார்.

"தகடு நகருதுங்கறதை நீங்க மறுக்கறீங்களா?"

"மறுக்கல சார். நெஜமாவே நகருது. வருஷத்துக்கு நாலு, அஞ்சு சென்டிமீட்டர். விரல் நகம் வளர்ற வேகம்னு வெச்சுக்குங்க. ஆனா தில்லை நகர், ஸ்ரீரங்கம், காவிரி, மலைக்கோட்டை எல்லாம் சேந்து ஒண்ணா நகருது. பஸ் மதுரைக்குப் போகுது, உங்க சீட்டு மட்டும் தனியா சேலத்துக்குப் போகுமா? ரெண்டு தகடு முட்டிக்கற விளிம்புல பூகம்பம் அதிகம். அந்த விளிம்பு வடக்கே இமயமலைப் பக்கம் இருக்கு, கிழக்கே அந்தமான் ஓரமா இருக்கு. நடுவுல எப்பவாவது சின்ன அதிர்வு வரலாம், இல்லைங்கல. ஆனா அது ஒரு அடுப்படியை மட்டும் தேடி வராது."

"அப்ப விரிசல்?"

"பள்ளம் தோண்டறதுக்கு முன்னாடி விரிசல் இருந்துச்சா?"

இல்லைதான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அவரை நம்பவில்லை. காரணம் எளிது. பீமராவ் ஃபீஸ் கேட்கவில்லை. மைக் இல்லை, உடுக்கை இல்லை. ஓசியில் வருகிற அறிவுக்கு நம் ஊரில் என்ன மதிப்பு? ஒரு வாய் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இன்ஜினியர் சுவரைத் தட்டிவிட்ட பாவத்துக்குப் பரிகாரமாக இன்னொரு செப்புத் தகடும் வாங்கினார்கள்.

அந்த வாரமே மழை பெய்தது.

காலையில் இக்ரா டியூஷனுக்குக் கிளம்பி, காம்பவுண்டுச் சுவரோரம் நிறுத்தியிருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். பின்னால் லாரி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தாள். சுவர் இல்லை. சைக்கிள் நின்ற இடமும் இல்லை. பள்ளத்துக்குள் செங்கல்லும் சேறும் கிடந்தன. அடுப்படியில் ஒரு மூலை அந்தரத்தில் நின்றது.

கமர் ஜஹான் ஓடி வந்து மகளைக் கட்டிக்கொண்டார். "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்பதைத் தவிர அவருக்கு வேறு சொல் வரவில்லை.

பில்டரும் ஓடி வந்தார். பள்ளத்தைப் பார்த்தார். கொஞ்சமும் கூசாமல், "பார்த்தீங்களா சார், தகடு நகர்ந்துடுச்சு!" என்றார். அடிகளிடமிருந்து செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மகாதகடு பூஜை. குடியிருப்போர் எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும்.

தர்மராஜ் அதற்கும் தலையாட்டினார். ஆனால் அன்று அவர் சாப்பிடவில்லை. ஜன்னலில் நின்று அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கமர் ஜஹானும் இக்ராவும் துணிமணிகளை எடுத்துக்கொண்டு தர்மராஜ் வீட்டு ஹாலுக்கே குடி வந்திருந்தார்கள். இக்ரா மூலையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தர்மராஜால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஞாயித்துக்கிழமை நானும் வரேங்க" என்றார் ஜோதி. "கமரும் வரட்டும்."

"எதுக்கு?"

"பூமி ஆடறதைப் பாக்கத்தான்."

ஞாயிற்றுக்கிழமை ஹால் பிதுங்கியது. முன்வரிசையில் பில்டர் சோழராஜன் மாலையோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் வைகறைவாசிகள். ஜோதி கையில் ஒரு எவர்சில்வர் அண்டா. பீமராவ் வாசல் பக்கம் நின்றார். கமர் ஜஹான் வராந்தாவில் மின்சார மீட்டர் இருந்த சுவரோரமாக நின்றுகொண்டார்.

உடுக்கை முழங்கியது. "அசைவு காட்டு தாயே!" தண்ணீர் ஆடியது. கூட்டம் வீறிட்டது.

ஜோதி எழுந்து நின்றார்.

"சாமி, ஒரு சந்தேகம். தப்பா நினைக்காதீங்க. நான் லேப்ல வேலை பாக்கறவ. ஒரே ஒரு சாம்பிளைப் பாத்துட்டு ரிசல்ட் எழுத மாட்டோம். பக்கத்துலயே இன்னொண்ணு வெச்சு ஒப்பிட்டுப் பாப்போம். அதனால இந்த அண்டாவுல தண்ணி ஊத்தி வாசப்படியில வெக்கிறேன். பூமி ஆடுச்சுன்னா ரெண்டுலயும் அலை வரணுமில்ல?"

அடிகள் அருள் பொழியச் சிரித்தார். "தாராளமா வைம்மா."

வேறு வழியில்லை, கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தது. அண்டா கல்படியில் போய் உட்கார்ந்தது. சுற்றிலும் தலைகள் குனிந்தன. மறுபடி உடுக்கை. மறுபடி தாய். உருளியில் அலை குதித்தது. அண்டாவில் ஒரு எறும்பு விழுந்தால்கூடத் தெரிந்திருக்கும், அப்படி அசையாமல் கிடந்தது தண்ணீர்.

"ஆடலையே!" என்றார் வாசலிலிருந்து ஒரு அம்மாள்.

அடிகள் தயங்கவில்லை. மகான்கள் தயங்குவதில்லை. "அதுல ஆச்சரியம் என்ன? மேடை இருக்கறது இந்தியத் தகட்டுல. வாசப்படி இருக்கறது ஆசியத் தகட்டுல."

"அப்ப இமயமலை உங்க வாசல் செருப்பு ஸ்டாண்டுலதான் இருக்கணும்!" என்றார் பீமராவ்.

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார். ஒருவர் சிரித்தால் போதும். சிரிப்பு பரவியது. அடிகளின் நெற்றித் திருநீறு வேர்வையில் கரைந்தது.

"சரி சாமி" என்றார் ஜோதி. "இந்தியத் தகட்டையே பாப்போம். நீங்க பூஜையை நிறுத்த வேணாம். பூமாதேவிக்குக் கரண்ட் தேவையில்லைதானே? கமர், அந்த மெயினைக் கீழ இறக்கு."

"வேணாம்!" என்று பில்டர் கத்தினார். அடிகளைவிட முந்திக்கொண்டு கத்தினார்.

கமர் ஜஹான் இறக்கினார். விளக்கு அணைந்தது. மின்விசிறி நின்றது. திரையில் இருந்த உலகம் காணாமல் போனது. பூமியும் நின்றது. உருளித் தண்ணீர் அண்டாத் தண்ணீரைப் போலவே பரம சாதுவாகிவிட்டது.

"தாயைக் கூப்பிடுங்க சாமி!" என்று ஒருவர் குரல் கொடுத்தார்.

அடிகள் கூப்பிட்டார். தாய் வரவில்லை.

"மெயினைப் போடு கமர்."

தண்ணீர் ஆடியது.

"இறக்கு."

நின்றது.

இந்தியத் தகடு மின்சாரத்தில் ஓடுகிறது என்ற அரிய உண்மையை அன்று ஸ்ரீரங்கம் கண்டுகொண்டது. "கரண்ட் போனா காந்தப்புலம் போயிடும்..." என்று அடிகள் ஏதோ தொடங்கினார். அந்த வாக்கியம் முடிவதற்குள் தர்மராஜ் எழுந்தார். மேடைக்குப் போய் கம்பளத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். ஒரு பலகை தளர்வாக இருந்தது. தூக்கினார்.

கீழே பள்ளம். அதில் கல்யாண மண்டபங்களில் நெஞ்சை இடிக்குமே, அந்த ரகத்தில் இரண்டு பெரிய பேஸ் ஸ்பீக்கர்கள் பலகையோடு சேர்த்து முடுக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு நடுவில், மடியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பெட்டியை வைத்துக்கொண்டு, பனியனோடு வேர்த்து வழிய ஒரு ஆள். நிமிர்ந்து பார்த்தார்.

"சார், கரண்ட் எப்ப வரும்?" என்றார்.

பூமாதேவிக்கு மீசை இருந்தது.

கூட்டம் அடிகள்மேல் பாய்ந்தது. இதுவரை அவர் காலைப் பிடித்த கைகளே இப்போது அவர் ஜிப்பாவைப் பிடித்தன. ஜோதி குறுக்கே நின்றார்.

"யாரும் அடிக்காதீங்க. அடிச்சா கத்துவாரு. பேச மாட்டாரு. பேசட்டும்."

அடிகள் பேசினார். அவர் பெயர் பாலு. கல்யாணங்களுக்கும் கட்சிக் கூட்டங்களுக்கும் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தவர். "அந்த ஃப்ளாட்டுக்காரங்க கொஞ்ச நாள் புகார் குடுக்காம இருந்தா போதும்னுதான் பில்டர் சொன்னாரு. ஹாலும் அவருதான் பிடிச்சுக் குடுத்தாரு. மத்த ஜனங்க இவ்ளோ பேரு தானா வருவாங்கன்னு நானே எதிர்பார்க்கலைங்க."

அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் சத்தியம். அவர் வலை போட்டது ஒரு கட்டடத்துக்கு. ஊரே வந்து விழுந்தது.

பில்டர் கூட்டத்துக்குள் நுழைந்து நழுவப் பார்த்தார். மாலை காட்டிக்கொடுத்துவிட்டது. போலீஸ் வரும்வரை வைகறைவாசிகள் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

தர்மராஜ் கமர் ஜஹானிடம் வந்தார்.

"மன்னிச்சுக்கம்மா. அன்னிக்கி உன்னை உட்காரச் சொன்னேன். என் வீட்டுச் சுவரா இருந்தா நான் உட்கார்ந்திருப்பேனா?"

கமர் ஜஹான் அவரை நேராகப் பார்த்தார்.

"மன்னிப்பு இருக்கட்டும் சார். நாளைக்கு மறுபடி புகார் குடுக்கணும். நீங்களும் கூட வாங்க. நீங்கதான் வாபஸ் வாங்கினீங்கன்னு அங்கயும் சொல்லுங்க."

தர்மராஜ் போனார். சொன்னார். மாநகராட்சி பள்ளத்து வேலைக்குத் தடை போட்டது. பீமராவ் நின்று பார்க்க, மணல் மூட்டைகள் அடுக்கினார்கள், அடுப்படிக்கு இரும்பு முட்டு கொடுத்தார்கள். கட்டடம் தப்பியது. அடுப்படியை இடித்துத்தான் கட்ட வேண்டும் என்றார்கள். கமர் ஜஹான் உறையூரில் அக்கா வீட்டில் இருந்தபடி பில்டர்மேல் வழக்கு நடத்துகிறார். சாட்சி தர்மராஜ்.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் சந்தோஷமாக எழுந்து போயிருப்பேன். போன வாரம் சங்கக் கூட்டத்தில் மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் ஜோதியிடம் மெதுவாகச் சொன்னாராம்.

"அந்த பாலு போலிதாங்க, ஒத்துக்கறேன். ஆனா துறையூர் பக்கம் ஒருத்தர் இருக்காராம். அவரு நெஜமாவே பூமியை நிறுத்துவாராம்."

"நின்னா நல்லதில்லைங்க" என்றாராம் ஜோதி. "அது நகர்றதாலதான் மலை இருக்கு, கடல் இருக்கு, நாம நிக்கறதுக்கு இந்த நிலம் இருக்கு."

கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பூமியின் மேலோடு யாரையும் கேட்காமல் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அதை நிறுத்த ஆள் தேடி அலையாதீர்கள். இந்த ஊரில் அசையாமல் கிடப்பது ஒன்றே ஒன்றுதான். அது உங்கள் கழுத்துக்கு மேலே இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு விரல்கடையாவது அதை நகர்த்துங்கள்.